ஒவ்வோர் உறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். பாயான் லெப்பாசில் வேலை பார்க்கும் நிறுவனம் உங்களை மூன்று ஆண்டுகளுக்கு அரிசோனாவுக்கு அனுப்புகிறது. அங்கே 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியில் இலக்குப் பயிற்சி செய்ய ஆசைப்படுகிறீர்கள். பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கே தொடங்குவது, என்னென்ன வாங்குவது, கிளம்புமுன் பினாங்கிலேயே கொஞ்சம் பழகிப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பினாங்கில் கூடாது. விளையாட்டாகக்கூட, ஒரே ஒரு தோட்டாவுக்குக்கூடக் கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமமின்றித் தயாரிப்பது தனிக் குற்றம். வெடிமருந்தைத் தொட்டால் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். நம் நாட்டில் தோட்டா தயாரிப்பது பத்து ஆராங் தொழிற்சாலை போன்ற இடங்களின் வேலை. ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் நடக்க வேண்டியதன்று. இங்கே சுட்டுப் பழக விரும்பினால் உரிமம் பெற்ற சுடுமன்றம் ஒன்றில் முறையாகச் சேருங்கள். தோட்டா தயாரிக்கும் ஆசையை அமெரிக்கா போகும்வரை கையேட்டுப் பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கே போனாலும் முதல் வேலை கடைக்குப் போவதன்று. வேலை விசாவில் வரும் நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு விதி அங்கே உண்டு. குடியேற்ற உரிமையில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள விலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். நான் ஒன்பது ஆண்டு அங்கே இருந்தேன். நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்வரை ஆண்டுதோறும் அரிசோனா வேட்டை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மானைக்கூட வேட்டையாடியதில்லை. உரிமம் முடியும் நாளைத் தவறவிட்டால், மறுநாள் காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் தோட்டாவே உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். 2022க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கான தண்டனை 15 ஆண்டு வரை போகிறது. விசா பறிபோவது அதற்குமேல். ஆகவே அங்கே இறங்கியதும், எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன், குடிநுழைவுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் விசா வகையைக் காட்டி ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா தயாரிக்க அங்கே கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் தேவை. நண்பர் ஒருவர் "எனக்கும் நூறு செய்து கொடு, பணம் தருகிறேன்" என்று கேட்பார். மறுத்துவிடுங்கள். இலவசமாகவும் கொடுக்காதீர்கள். உங்கள் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு அளந்து செய்தது. அடுத்தவர் துப்பாக்கியில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது.

இனி தோட்டாவுக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளை உறை, அதன் அடியில் பொருந்தி, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எனும் சிறு தொப்பி, உறைக்குள் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் குண்டும் மருந்தும் பிரைமரும் தீர்ந்துபோகும். உறை மட்டும் தரையில் விழும். நான்கில் விலை கூடியது பெரும்பாலும் அந்த உறைதான். பித்தளை மீள்தன்மை உள்ள உலோகம் என்பதால் பலமுறை பயன்படும். இந்தக் கலையின் அடிப்படையே அதுதான்.

செலவு குறையும் என்ற எண்ணத்தில் மட்டும் இதில் இறங்காதீர்கள். 9 மில்லிமீட்டர் தோட்டா உலகெங்கும் மலை மலையாக உற்பத்தியாகிறது. கடை விலைக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசம் கருவிகளின் விலையை ஈடுகட்ட நெடுநாளாகும். நான் இதில் நிலைத்தது வேறு காரணத்தால். என் தந்தை பினாங்கு ஸ்திரீட்டில் நகைப்பட்டறை வைத்திருந்தவர். தராசைக் கையில் எடுத்தால் காற்றாடியை நிறுத்திவிடுவார். பட்டறையில் யாரும் பேசக் கூடாது. ஒரு குன்றிமணி எடைக்கு அவ்வளவு மரியாதை. தோட்டா மருந்தை அளக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஏறத்தாழ அரைக் குன்றிமணி. பீனிக்ஸில் என் முதல் தராசை மேசையில் வைத்தபோது எண் ஒரு நிலையில் நிற்கவில்லை, ஏறியது, இறங்கியது. அரைமணி நேரம் குழம்பிய பிறகு தலையை நிமிர்த்தினேன். குளிரூட்டியின் காற்று நேராகத் தட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன், எண் அசையாமல் நின்றது. அந்த நொடியில் என் தந்தையின் பட்டறை நினைவுக்கு வந்தது. அன்று முதல் இந்த வேலையை விட எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் துல்லியம் ஏன் வேண்டும் என்று பாருங்கள். 9 மில்லிமீட்டர் தோட்டாவில் பல மருந்துகளுக்குக் குறைந்த அளவுக்கும் உச்ச அளவுக்கும் இடையே உள்ள தூரம் அரைக் கிரெயின் அளவுதான், அதாவது 32 மில்லிகிராம். இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பழைய .45 தோட்டாவுக்கு அது 21,000தான். 9 மில்லிமீட்டர் உறை சிறியது, அழுத்தமோ பெரியது. சிறு பிழையையும் அது பொறுக்காது. அதனால்தான் எவ்வளவு மருந்து போடுவது என்று இங்கே ஓர் எண்ணைக்கூட நான் சொல்லப்போவதில்லை. யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குண்டு தயாரிக்கும் நிறுவனங்களும் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களும் சோதனைக்கூடத்தில் அழுத்தம் அளந்து வெளியிடும் அட்டவணைகள் இருக்கின்றன. உங்கள் குண்டின் எடை, அதன் வகை, மருந்தின் பெயர், தோட்டாவின் மொத்த நீளம் ஆகிய நான்கும் ஒரே வரியில் பொருந்தும் பதிவைத் தேடி எடுத்து, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்று மாறினாலும் அந்த வரி உங்களுக்கானதன்று. இரண்டு கையேடுகள் வேறுபட்டால் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒற்றை நிலை பிரஸ், அதாவது கைப்பிடியால் அழுத்தும் கருவி, போதும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முழுதாக வந்து விழும் பெரிய இயந்திரங்கள் உண்டு. அப்படிப்பட்ட இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற தில்லன் நிறுவனம் பீனிக்ஸுக்குப் பக்கத்திலேயே, ஸ்காட்ஸ்டேலில்தான் இருக்கிறது. ஆசை வரும். முதல் ஆயிரம் தோட்டா வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது எது தவறியது என்பதைப் புதியவரின் கண் பிடிக்காது. பிரஸ்ஸுடன், உறையை வடிவமைக்கும் அச்சுகளான டைகளையும் வாங்குங்கள்; கார்பைடு எனும் கடினப் பொருளில் வளையம் பொருத்தியவையாக இருக்கட்டும். கைத்துப்பாக்கி உறைகளுக்கு அதில் எண்ணெய் பூசத் தேவையில்லை. நல்ல தராசு, தராசைச் சரிபார்க்கும் எடைக்கற்கள், நீளமும் விட்டமும் அளக்கும் காலிப்பர், ஐம்பது உறைகளை நிறுத்திவைக்கும் துளைப்பலகை, கண் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். தவறாகச் செய்த தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல் போன்ற கருவி ஒன்றும் வாங்குங்கள். அது கட்டாயம் தேவைப்படும்.

உறைகளைப் பொறுக்குவதே ஒரு படிப்பு. சுடுமன்றத் தரையில் விழுந்து கிடப்பதெல்லாம் உங்களுடையதன்று. சில மன்றங்கள் அவற்றைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றின் அடிமுத்திரையையும் படியுங்கள். .380 என்ற வேறு வகைத் தோட்டாவின் உறை 9 மில்லிமீட்டர் உறையின் தம்பி போல இருக்கும். அகலம் கிட்டத்தட்ட ஒன்றே, நீளம் மட்டும் சுமார் 2 மில்லிமீட்டர் குறைவு. குவியலில் கண்ணை ஏமாற்றும். அலுமினியம், எஃகு உறைகளை ஒதுக்குங்கள். வாயில் பிளவு இருந்தால் எறியுங்கள். உள்ளே விளக்கடித்துப் பாருங்கள்: அடியில் நடுவே ஒரே ஒரு துளை இருக்க வேண்டும். இரண்டு சிறு துளைகள் இருந்தால் அது வேறு முறை. பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி அதில் உடைந்துபோகும்.

வேலை வரிசை இதுதான். முதல் டை உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கி, பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பின் புதிய பிரைமரை அழுத்த வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள். அது உறையின் அடிமட்டத்தைவிடச் சற்று உள்ளே இறங்கியிருக்க வேண்டும். மேடாகத் தட்டுப்பட்டால் ஆபத்து. இரண்டாவது டை உறையின் வாயைக் கொஞ்சம் விரிக்கும், குண்டின் அடி உட்காரும் அளவுக்கு மட்டும். அதன்பின் மருந்து, அதன்பின் குண்டு, கடைசியாக விரித்த வாயை நேராக்கும் இறுக்கம்.

அந்தக் கடைசி இறுக்கத்தில் பலர் தவறுகிறார்கள். சுழல் துப்பாக்கித் தோட்டாவில் உறையின் உதட்டைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்குவார்கள். 9 மில்லிமீட்டரில் அப்படி மடிக்கக் கூடாது. இந்தத் தோட்டா குழலின் அறைக்குள் நிற்பதே உறையின் வாய் விளிம்பைத் தாங்கித்தான். விளிம்பை மடித்துவிட்டால் தோட்டா அளவுக்கு மீறி உள்ளே போய்விடும். விரித்ததை நேராக்கினால் போதும். வாயின் வெளி விட்டம் காலிப்பரில் 9.65 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குண்டைப் பிடித்து வைத்திருப்பது இந்த இறுக்கமன்று. சுருக்கிய உறையின் கழுத்துதான்.

பிடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தோட்டாவின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். குண்டின் முனையை மர மேசையில் ஊன்றி, உறையின் விளிம்பைப் பிடித்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். பிரைமர்மேல் விரல் படக் கூடாது. மறுபடி அளந்து பாருங்கள். நீளம் மாறக் கூடாது. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினிலிருந்து அறைக்கு ஏறும்போது தோட்டா சாய்தளத்தில் மோதித்தான் போகிறது. அப்போது குண்டு உள்ளே பின்வாங்கினால், மருந்துக்கு இடம் சுருங்கி அழுத்தம் பாய்ந்து ஏறும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. மொத்த நீளத்துக்கு உச்ச வரம்பு 29.69 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தாலும் உங்கள் குழலுக்குப் பொருந்துமா என்பதைக் குழல்தான் சொல்லும். துப்பாக்கியைக் கழற்றிக் குழலை மட்டும் கையில் எடுங்கள். தோட்டாவை அறைக்குள் விடுங்கள். டக்கென்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். இம்மூன்றும் நடக்காத தோட்டாவைப் பிரித்துவிடுங்கள்.

மருந்து போடும் கட்டம்தான் இந்த வேலையின் இதயம். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும். இரண்டாவது டப்பா அறையில்கூட வேண்டாம். ஐம்பது உறைகளுக்கும் மருந்து போட்டதும் பலகையைச் சாய்த்து, விளக்கடித்து, ஒவ்வோர் உறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ஐம்பதிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று உயரமாகத் தெரிந்தால் இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஒன்று கறுப்பாகக் குழிந்து தெரிந்தால் விழவே இல்லை. முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, இரு மடங்கு போட்டால் உறை வழிந்து காட்டிக்கொடுக்கும்படியான பருமனான மருந்தாகப் பாருங்கள். சின்னஞ்சிறு அளவில் வேலை செய்யும் அடர்த்தியான மருந்து கூடுதல் தோட்டா தரும் என்று கடையில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதில் இரு மடங்கும் சத்தமில்லாமல் உள்ளே அடங்கிவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு, மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. ஊரிலிருந்து அம்மா. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த வாரம் சுடுமன்றத்தில், வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாக 'பொட்' என்று ஒரு மெல்லிய சத்தம். துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றவில்லை. பழக்க தோஷத்தால் என் இடது கை மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டது. புதிய தோட்டா அறைக்குள் ஏறிவிட்டது. விரல் விசைக்குப் போகும்போது பக்கத்து வரிசையில் இருந்த முதியவர் "நிறுத்து!" என்று கத்தினார். நிறுத்தினேன். தோட்டாக்களை இறக்கிக் குழலைக் கழற்றிப் பார்த்தால், குழலின் நடுவே செம்பு நிறத்தில் குண்டு அடைத்துக்கொண்டு நின்றது. மருந்து விழாத உறை. பிரைமரின் வலிமை மட்டும் குண்டை அவ்வளவு தூரம் தள்ளியிருந்தது. இன்னொரு முறை விசையை அழுத்தியிருந்தால் குழல் வீங்கியோ வெடித்தோ இருக்கும். என் பத்து விரல்களுக்கும் அந்த மனிதருக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன். அன்று முதல் என் வழக்கம்: இடையில் யார் கூப்பிட்டாலும், எழுந்தால் பலகையில் உள்ள அத்தனை உறைகளையும் கவிழ்த்து மருந்தை டப்பாவில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்குவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சத்தம் குறைந்து கேட்டால், உதைப்பு குறைந்து உணர்ந்தால், கை எதையும் இழுக்கக் கூடாது. குழலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த அசைவு.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்குச் சில கிரெயின்தான் பிடிக்கும் என்பதால் அதுவே ஆயிரம் தோட்டாவுக்கு மேல் வரும். புதியவருக்கு அதற்குமேல் வேண்டாம். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வையுங்கள். பிரைமர்களை ஒருபோதும் கண்ணாடிச் சீசாவில் கொட்டாதீர்கள். ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். அவை தட்டில் தனித்தனிக் குழியில் வருவதற்குக் காரணம் அதுதான். பீனிக்ஸ் கோடையில் கார்க் கொட்டகை அடுப்பாகிவிடும், அங்கே வைக்காதீர்கள். நல்ல மருந்து ஸ்பிரிட் போல மணக்கும். காரமான அமில நெடி அடித்தால் அது கெட்டுவிட்டது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தம் இதை அனுமதிக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

ஈயத்தைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள், அதில் எனக்குக் கோபமே உண்டு. ஈயம் குண்டில் மட்டும் இல்லை. பெரும்பாலான பிரைமர்களின் கலவையிலும் உண்டு. பழைய உறையின் கரி அதைச் சுமந்திருக்கிறது. உறைகளை உலர் முறையில் உருட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசி வீடெங்கும் பறக்கும். தண்ணீரில் கழுவும் முறையையே தேர்ந்தெடுங்கள். மேசையில் தேநீர்க் கோப்பை கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வயதில் மகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள் பத்தே பத்து தோட்டா செய்யுங்கள். மேகசினில் ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள். துப்பாக்கி உறையை வெளியே எறிகிறதா, மேல்பகுதி முழுதாகப் பின்னுக்குப் போய்ப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். தொடக்க அளவு சில துப்பாக்கிகளை இயக்கப் போதாமல் இருக்கலாம்; அப்போது அட்டவணைக்குள்ளேயே 0.1 கிரெயின், அதாவது 6.5 மில்லிகிராம் மட்டும் ஏற்றி மறுபடி பத்து செய்யுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

திரும்பி வரும் காலத்துக்கும் இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரஸ், டை, உறை, குண்டு எதுவும் பினாங்குக்கு வரக் கூடாது. நான் என்னுடையதை எல்லாம் அந்த முதியவரிடம் கொடுத்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தைய இரவு, மூன்று முறை உதறிய பையை நான்காவது முறை தடவியபோது, அடித்துணிக்கும் அட்டைக்கும் இடையே கடினமாக ஏதோ விரலில் பட்டது. தையலைப் பிரித்தேன். 9 மில்லிமீட்டர் உறை ஒன்று. விமான நிலையத்தில் அதை விளக்கிச் சொல்லும் நிலை வராமல் போனது பெரும் பேறு. சுடுமன்றத்துக்கு எடுத்துச் செல்லும் பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். ஊருக்கு வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.